செம்பி கேட்ட கேள்வி

மார்ச் 4

என் வாயாடிக்கு,

உன் மசிக்கை எழுதுவது, விரலெல்லாம் வழக்கம்போல மைக்கறை. நான் நலம், மேசைதான் நலமில்லை. நீ அட்டை மடித்து முட்டுக்கொடுத்த கால் மறுபடி ஆடுகிறது. எதிரிலிருக்கும் உன் நாற்காலியில் காய்ந்த துணிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். காலியாகக் கிடந்தால் கண்ணை உறுத்துகிறது.

நம் சித்திரக்கதையின் கடைசிப் பக்கம் இத்துடன் வருகிறது. வழக்கம்போல வரைந்துவிட்டுப் பேச்சுக் குமிழிகளைக் காலியாக விட்டிருக்கிறேன். வசனம் உன் பாடு. ஒன்றில் மட்டும் அதிகப்பிரசங்கித்தனமாக நானே எழுதிவிட்டேன். மெக்கானிக்காரி ஊரைவிட்டுப் போகிறாள், ரயில் கிளம்பப் போகிறது. அவள் பழுதுபார்த்து, கூடவே வைத்து வாழ்ந்த நம் இயந்திரப் பெண் செம்பி கேட்கிறாள்: "நான் உனக்கு யாரு?"

பதிலுக்குப் பெரிய குமிழியாகவே விட்டிருக்கிறேன். உன் வாய்க்கு அதுவும் போதாது.

வேலைக்கென்று வேற்றூர் போன நீ ஒரு விடுமுறைக்கும் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. நான் இன்னும் இரண்டு பேருக்கே டீ போட்டுத் தொலைக்கிறேன்.

முத்தங்களுடன்,
மசிக்கை

மார்ச் 15

அன்பு மசிக்கைக்கு,

படம் கிடைத்தது. செம்பியின் கழுத்துத் திருகாணியை இவ்வளவு அழகாக வரைந்தால் எவளுக்கு ரயில் ஏற மனசு வரும்?

அம்மா என்னோடு வந்து தங்கிவிட்டாள். உறையைப் பிரித்தபோது தோளுக்குப் பின்னால் நின்றாள். "யாருடி இவ, இவ்ளோ நல்லா வரையறா?" என்றாள். "கூட வேலை செஞ்சவம்மா," என்றேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

குமிழியை நிரப்பிப் பக்கத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். 'தோழி' என்று ஒரே சொல். வாசகர்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். பத்திரிகை ஆசிரியருக்கும் தலைவலி இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
வாயாடி

மார்ச் 21

வாயாடிக்கு,

கோபித்துக்கொள்ளத்தான் செய்கிறேன். அவ்வளவு பெரிய குமிழிக்குள் எறும்பு மாதிரி ஒரு சொல்! செம்பிக்கு மனசு இருக்கிறதா என்று வாசகர்கள் இத்தனை இதழாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இருக்கிறது என்பது நம் இருவருக்கும் முதல் பக்கத்திலேயே தெரியும். எனக்குச் சந்தேகமெல்லாம் மெக்கானிக்காரி மேல்தான்.

உன் சொல்லின் மேல் வெள்ளை மை பூசிவிட்டேன். பக்கம் என்னிடம் இருக்கிறது. வேறு சொல் எழுதி அனுப்பு. மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அம்மாவிடம் நாளைக்கே போய்ச் சொல் என்று கேட்கவில்லை. எனக்குச் சொன்னால் போதும், அடுத்த ரயிலில் பெட்டியோடு வந்து நிற்பேன்.

பதில் வராவிட்டால் அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்வேன்.

உன்,
மசிக்கை

மே 2

வாயாடிக்கு,

ஒன்றும் வரவில்லை. என்னைக் கண்டாலே தபால்காரர் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார், பாவம்.

குமிழி காலியாகவே அச்சாயிற்று. வாசகர்கள் அதைப் போட்டி என்று நினைத்துவிட்டார்கள்! ஆளாளுக்கு நிரப்பி, பக்கத்தைக் கத்தரித்து அனுப்புகிறார்கள். ஒரு தையல்காரர், 'என் உசுரு' என்று எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, 'என் பொண்டாட்டி, வேற யாரு?' என்று. இன்னொருத்தி குமிழி போதாமல் ரயில் பெட்டி மேலெல்லாம் கிறுக்கியிருக்கிறாள். சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்து அழுது முடித்தேன். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் வந்த சொல் உனக்கு வரவில்லையே.

நாற்காலியைக் கீழ்வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன். டீ எனக்கு மட்டும்தான் போடுகிறேன். அடுத்த கதைக்கு வசனமும் நானே எழுதுகிறேன், சுமாராகத்தான் வருகிறது.

உனக்கொரு பிரதி இத்துடன். கடைசிப் பக்கத்தை உற்றுப் பார். வெள்ளை மை சரியாக மூடவில்லை. அடியில் உன் 'தோழி' மங்கலாக விழுந்திருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் அச்சகக்காரர், "இதை அழிச்சிடட்டுமா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும், அவ சொன்னது அது ஒண்ணுதான்," என்றேன்.

நன்றாக இரு.

மசிக்கை