சட்டி வைக்காத வெள்ளிக்கிழமை

பிப்ரவரி 11, செவ்வாய்

பள்ளி வேனில் வரும் ஜன்னல்காரி இன்று மூக்கைப் பொத்தவில்லை. மூச்சை மட்டும் அடக்கிக்கொண்டாள். கன்னம் லேசாக உப்பியது. டிரம்முக்குப் பின்னால் குனிந்திருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

பொத்தியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாமல் அடக்கினாள், அதுதான் தாங்கவில்லை. எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பென்சில் சீவினால் சீவலைக் கூடக் கீழே போட மாட்டாள், அவ்வளவு மரியாதை.

செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழரைக்குப் பள்ளி வேன் எங்கள் கொட்டகை முன் நிற்கும். டேங்க்கில் எங்கள் எண்ணெயை ஊற்ற ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் அம்மா வெளியே, நான் டிரம்முக்குப் பின்னால். ஹாரன் மாமா இன்றும் கத்தினார்: "அக்கா, உன் வாயில்லாப்பூச்சி எங்க? டிரம்ல விழுந்துட்டாளா? வடிகட்டி எடு!" வேன் முழுக்கச் சிரிப்பு. அவர்தான் ஓட்டுநர். பாதை காலியாக இருந்தாலும் ஹாரன் அடிப்பார், அதனால் அந்தப் பெயர். கெட்டவர் இல்லை.

வேன் கிளம்பினால் தெருவெல்லாம் பொரித்த வாசனை. பழைய எண்ணெயை வடித்து டீசலில் கலந்து எரித்தால் அப்படித்தான் வரும். போகிற வழியெல்லாம் என் பெயரைச் சொல்லிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும் எனக்கு.

பிப்ரவரி 12, புதன்

விடுதிச் சமையலறையிலிருந்து ஆறு டின் பழைய எண்ணெய். மூடி இல்லாமல் மழையில் கிடந்திருக்கின்றன. சமையல்காரரிடம் ஏன் மூடவில்லை என்று கேட்க வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டுத் தூக்கி வந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நாளை அம்மா விடியலிலேயே ஊருக்கு வெளியே உள்ள பேக்கரிக்கு டின் எடுக்கப் போகிறாள். வேனுக்கு நான்தான் ஊற்ற வேண்டும்.

"வேன் வந்தா ஒளியாத. டேங்க் மூடியத் திற, ஊத்து, மூடு. அவ்வளவுதான். யாரும் உன்ன கடிச்சுத் திங்க மாட்டாங்க."

சரி என்றேன். நாளை வேனில் இருப்பவர்களுக்குப் பெரிய பரீட்சை ஆரம்பம். இருந்திருந்தால் எனக்கும்தான். இரண்டு வருடம் முன்பு சூடான எண்ணெய் அம்மாவின் வலது கையில் கொட்டியபோது மூன்று மாதம் என்றுதான் பள்ளியை விட்டு நின்றேன். கை ஆறிவிட்டது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டுப் போகாமலே இருந்துவிட்டேன். அம்மா இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி, காலை

தலைக்குக் குளித்தேன். அம்மாவின் சோப்பைத் தொடாமல் புதுசைப் பிரித்தேன். நீல உடுப்பு. வேன் வந்தது, போனது. ஜன்னல்காரி என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன் என்று நினைக்கிறேன். பாதிவரை கை போனது.

பிப்ரவரி 14, வெள்ளி, மாலை

எழுதிவிடுகிறேன். இங்கே எழுதாவிட்டால் வேறெங்கே சொல்வேன்.

நான் இன்று சட்டி வைக்கவில்லை.

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணெயைச் சல்லடையில் வடித்து, துணியில் வடித்து, டிரம்மில் ஊற்றி, ஒரு வாரம் அசைக்காமல் விட வேண்டும். தூளும் தண்ணீரும் அடியில் போய்விடும். பிறகு மேல் குழாயில் பிடித்துச் சூடாக்கி, டீசலில் கலப்பதற்கு முன்னால் இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து ஒரு சொட்டு விட வேண்டும். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இன்னும் இருக்கிறது. சத்தமே இல்லாமல் படர்ந்தால் நல்ல எண்ணெய். அதன் பிறகுதான் கேன்மேல் சாக்கட்டியால் ஒரு வட்டம். வட்டம் இல்லாத கேனை அம்மா காலால்கூடத் தொட மாட்டாள்.

சட்டியில் சொட்டு விட்டால் புகை வரும். முடியில் ஏறினால் இரண்டு நாள் போகாது. முடி இன்னும் ஈரமாக இருந்தது. எண்ணெய் தேன் மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. ஒரு வாரம் ஆகவில்லை, நேற்று முன்தினம் ஊற்றியது. மழையில் கிடந்த அந்த ஆறு டின். பழைய டிரம் காலி, இதுதான் இருந்தது. தெரியும், எல்லாம் தெரியும். மூன்று கேன் கலந்தேன். மூன்றின் மேலும் வட்டம் போட்டேன். இரண்டு ஊற்றினேன்.

வேன் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பிள்ளைகள் மீதித் தூரத்தை ஓடியிருக்கிறார்கள். அரை மணி நேரம் பிந்திப் போனவர்களை உள்ளே விட்டார்கள், ஆனால் நேரம் கூட்டித் தரவில்லையாம். ஜன்னல்காரி கடைசிக் கேள்வியைத் தொடவே இல்லையாம்.

மத்தியானம் ஹாரன் மாமா மெக்கானிக்கோடு வந்தார். மெக்கானிக் ஒரு கண்ணாடிப் புட்டியை மேசையில் வைத்தார். மேலே எண்ணெய், கீழே தண்ணீர், நடுவில் கோடு போட்ட மாதிரி.

"ஃபில்டர்ல இருந்து எடுத்தது. முக்கால்வாசி தண்ணி. பம்ப்பும் போச்சு."

அம்மா புட்டியைப் பார்த்தாள். பிறகு ஹாரன் மாமாவைப் பார்த்தாள்.

"எங்க ஊத்தின?"

"அக்கா, உன்கிட்டதான் ஊத்துறேன். வேற எங்க போவேன்?"

"என் பொண்ணு சட்டி வைக்காம ஒரு சொட்டு ஊத்த மாட்டா. கேன்ல வட்டம் இருக்கு, கண் இருந்தா பாரு. மலிவாக் கெடைக்குதுன்னு எவன்கிட்டயோ வாங்கி ஊத்திட்டு எங்க தலையில கட்டுறியா?"

"என் பிள்ள மேல சத்தியமா இல்லக்கா."

"பிள்ளைய இழுக்காத. பிள்ளைங்கள நடுப்பாலத்துல விட்டவன் நீ."

அவர் முகம் சுருங்கிப்போனது. நான் சுவரோரம் நின்றேன். அம்மா என் தோளில் கை வைத்திருந்தாள். தழும்பு உள்ள கை. அந்தக் கையை உதறவும் முடியவில்லை, அதன் கீழே நிற்கவும் முடியவில்லை.

பிப்ரவரி 15, சனி

முடியில் இன்னும் சோப்பு வாசனை.

பிப்ரவரி 17, திங்கள்

அம்மா பால்காரரிடம், பக்கத்துத் தையல்காரியிடம், வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்கிறாள்: "அவன் பண்ணின வேலைக்கு என் பொண்ணு பேரு கெட இருந்துச்சு." என் பெயர்! எனக்கென்று ஒரு பெயர் ஊரில் இருக்கிறதா என்ன?

மூன்றாவது கேன் மூலையில் இருக்கிறது. சாக்கு போட்டு மூடி வைத்தேன். பிறகு கழிவு டிரம்மில் கொட்டிவிடலாம் என்று தூக்கினேன். கொட்டினால் எல்லாம் முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது. மூடியைத் திறந்தேன். திரும்ப மூடினேன். கொட்டாததால் நல்லவள் ஆகிவிட்டேனா? இல்லை. கொட்டவும் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஏழரைக்குப் பழக்கதோஷத்தில் டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். வேன் வரவில்லை. வேறு ஒரு வண்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது.

பத்து மணிக்கு ஹாரன் மாமா நடந்து வந்தார். அவரை நடந்து பார்த்ததே இல்லை. நடந்தால் குட்டையாகத் தெரிகிறார். முன்பு அவசரத்துக்கு வாங்கிப்போன எங்கள் கேன் நான்கையும் காலியாகக் கொண்டுவந்திருந்தார். கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே துணிவிட்டுத் துடைத்து. இத்தனை வருடத்தில் யாரும் எங்கள் கேனைத் துடைத்துத் தந்ததில்லை.

அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார்.

"அம்மாகிட்ட குடுத்துடு. வியாழக்கெழம பள்ளிக்கூடத்துல கூப்புட்டிருக்காங்க. அனேகமா வண்டிய விட்டு எறங்கச் சொல்லிடுவாங்க."

நான் கேன்களை வாங்கினேன்.

"வாயில்லாப்பூச்சி, நீயாவது நம்புறியா? நான் வேற எங்கயும் ஊத்தல."

தலையாட்டினேன்.

அவர் முகம் தெளிந்தது. "அது போதும்" என்றார். உண்மையாகவே அது போதும் என்பது போலப் போனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பு இல்லை இது. சூடு. சட்டியில் என்னையே விட்ட மாதிரி.

பிப்ரவரி 19, புதன்

காலையிலிருந்து சொல்ல முயன்றேன். அம்மா வெங்காயம் நறுக்கும்போது ஒருமுறை. துணி பிழியும்போது ஒருமுறை. "அம்மா" என்பேன். "என்னடி?" என்பாள். "ஒண்ணுமில்ல."

மூன்றாவது முறை, காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "என்னதான்டி வேணும் உனக்கு?"

வாய் வராது என்று தெரிந்துவிட்டது. அடுப்பைப் பற்றவைத்தேன். சட்டியை வைத்தேன். மூலைக்குப் போய்ச் சாக்கை எடுத்து, வட்டம் போட்ட அந்தக் கேனைத் தூக்கி வந்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். சட்டி காய்ந்ததும் கேனை நன்றாகக் குலுக்கி ஒரு கரண்டி எடுத்து விட்டேன்.

சொட்டு இல்லை, ஒரு கரண்டி. வெடித்துச் சிதறியது. என் கையில் பட்டது, அவள் சேலையில் பட்டது.

அம்மா எட்டி அடுப்பை அணைத்தாள். எண்ணெய் அடங்கும்வரை இரண்டு பேரும் சட்டியையே பார்த்தோம்.

"வட்டம் யாரு போட்டது?"

"நான்தான்."

"சட்டி வச்சியா?"

"இல்ல."

"ஏன்?"

முடியைத் தொட்டுக் காட்டினேன். அம்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அவன் மூஞ்சிக்கு நேரா நான் என்னென்ன சொன்னேன்" என்றாள், தனக்குத்தானே. பிறகு, "செருப்பப் போடு."

அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. அவர் தரையில் உட்கார்ந்து மகனின் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா நின்றபடியே, "தம்பி, தப்பு எங்க பக்கம்" என்றாள். யாரிடமும் இறங்கிப் பேசாதவள். கறுத்த சேலையில் எண்ணெய்த் துளி பட்ட இடமெல்லாம் பளபளத்தது.

அவர் என்னைப் பார்த்தார். நேற்று நான் ஆட்டிய தலையைத்தான் அவர் பார்த்திருப்பார்.

பிப்ரவரி 20, வியாழன்

இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த கேட்டுக்குள் போனேன். அம்மா வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். ஹாரன் மாமாவுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நடந்தேன்.

அலுவலக அறையில் மூன்று பேர். மேசைமேல் அதே புட்டி. நடுவில் இருந்தவர் கேட்டார், "நீ யாரும்மா?"

"நான்தான் சட்டி வைக்கல."

"எந்தச் சட்டி?"

அவர்களுக்குச் சட்டியே தெரியாது! முதலிலிருந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது. சல்லடை, துணி, டிரம், மேல் குழாய், சொட்டு, சத்தம், வட்டம். மழையில் கிடந்த டின். என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் நான் பேசியதில்லை. ஏன் வைக்கவில்லை என்று கேட்டார்கள். "முடி நாறும்னு" என்றேன். ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். ஹாரன் மாமா சிரிக்கவில்லை.

அவரை வேனிலேயே இருக்கச் சொன்னார்கள். ஆனால் இனி பங்க் டீசல் மட்டும்தான். பழைய எண்ணெய் ஒரு சொட்டுகூடக் கூடாது. எங்களிடம் அதிகம் வாங்கியது அந்த வேன்தான்.

வெளியே வந்ததும் சொன்னார், "வாயில்லாப்பூச்சிக்கு வாய் மொளைச்சிடுச்சு." சிறிது தூரம் நடந்த பிறகு, "செவ்வாய்க்கெழம மொளைச்சிருக்கலாம்" என்றார்.

ஆமாம்.

திரும்பும்போது படிக்கட்டில் ஜன்னல்காரி. பரீட்சை அட்டையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. கேட்டிருப்பாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என்னைக் கடக்கும்போது மூச்சை அடக்கினாளா என்று பார்த்தேன். இப்போதும் அதையா பார்ப்பேன்? சீ.

பிப்ரவரி 25, செவ்வாய்

அம்மா பேசுகிறாள், வேலைக்கு வேண்டியதை மட்டும். சாக்கட்டியை அவள் இடுப்பில் முடிந்துகொண்டிருக்கிறாள்.

மார்ச் 3, திங்கள்

செங்கல் சூளைக்காரர் வந்து, தன் தண்ணீர் இறைக்கும் என்ஜினுக்கு எண்ணெய் கிடைக்குமா என்று கேட்டார். "சட்டி பார்த்துக் குடுப்பீங்களா?" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. அம்மா என்னைப் பார்க்காமல், "பார்த்துதான் குடுப்போம்" என்றாள். பன்மையில் சொன்னாள்.

சாயங்காலம் சாக்கட்டி பழைய இடத்தில், ஆணிக்குப் பக்கத்தில் இருந்தது.

மார்ச் 4, செவ்வாய்

தலைக்குக் குளித்த ஈரம் காயவில்லை. சூளைக்காரரின் கேன்கள் ஏழரைக்குத் தயாராக வேண்டும். அடுப்பு வாசலை ஒட்டித்தான் இருக்கிறது. வேன் வரும் நேரம் என்றால் நான் எப்போதும் கதவைச் சாத்திவிடுவேன்.

திறந்தே வைத்தேன். சட்டி காய்ந்தது. தெருமுனையில் ஹாரன் கேட்டது, காலியான தெருவில். வேன் நிற்காமல், வாசனை இல்லாமல் கடந்தது. ஜன்னலில் அவள் இருந்தாள்.

சொட்டு விட்டேன். காது கொடுத்தேன். சத்தமில்லை.

வட்டம் போட்டேன்.