கல்வாழைப் பாத்தி

கம்பாலா,
ஜூன் 14.

பிரியமுள்ள நபுக்கென்யா அக்காவுக்கு,

தங்கை நக்கிமேரா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அம்மா நலம். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

சந்தைக்கு எதிரே உள்ள பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள். மக்கள் கருத்தைக் கேட்கச் செவ்வாய்க்கிழமை கூட்டம் வைத்தார்கள். நானும் போனேன். தெற்கு மூலையில் கல்வாழைப் பாத்தி இருக்கிறதல்லவா, அதைத் தோண்டி நீரூற்று கட்டுவது திட்டம். பாதிப் பேர் கூடாதென்று கத்தினார்கள். நான் எழுந்து, "பிள்ளைங்க விளையாட ஒரு நல்ல இடம் வரட்டுமே! நாலு பூச்செடிக்கா இவ்வளவு சண்டை?" என்று கேட்டேன். கை தட்டினார்கள், அக்கா. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது பூங்காவின் பழைய தோட்டக்காரர் லுபேகா எழுந்தார். "அங்க தோண்டாதீங்கய்யா. கீழ ஆளுங்க இருக்காங்க" என்றார். பின்னாலிருந்து ஒருவன், "பெரியவரே, காலையிலேயே வாழைச் சாராயமா?" என்று கேட்டான். சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. சண்டை நடந்த வருடத்தில் துப்பாக்கிக்காரர்கள் ஏழு உடல்களைக் கொண்டுவந்து போட்டு, தன்னையே குழி வெட்ட வைத்தார்கள் என்றார். யாரும் அங்கே மண்வெட்டி போட்டுவிடக் கூடாதென்று மேலே கல்வாழை நட்டாராம். இருபத்தொன்பது வருடமாக அவரேதான் தண்ணீர் ஊற்றுகிறார்.

"ஒரு பையனுக்கு இடது கையில ஆறு விரல்" என்றார்.

அதற்குப் பிறகு கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டு, முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "பாக்கலம்மா. பாத்தா அப்புறம் தூக்கமே வராதுன்னு துண்டைப் போட்டு மூடிட்டேன். மஞ்சக் கம்பளிச் சட்டை, அது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றார். அண்ணன் கயோண்டோ காணாமல்போன அன்று போட்டிருந்த சட்டை. அதைப் பின்னியது நீதான்.

நகராட்சி வேலையை நிறுத்திவிட்டது. அடுத்த மாதம் பார்த்துப் பார்த்துத் தோண்டி எடுப்பார்களாம். அடையாளம் காண உடன்பிறந்தவர்களின் இரத்தம் வேண்டும் என்றார்கள். கொடுத்துவிட்டேன்.

அப்பாவின் வாரிசாக யாரையாவது உட்கார வைத்தாக வேண்டும் என்று சித்தப்பா நேற்றும் வந்து பேசினார். "எம்மவன் வரட்டும். அதுவரைக்கும் வாரிசுன்னு வேற யாருக்கும் மரவுரி போத்த விடமாட்டேன்" என்றாள் அம்மா. நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன்.

விடுப்புக் கிடைக்காதென்று எழுதாதே, அக்கா. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என் ஒருத்தியால் ஆகாது. கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். உன்னையாவது.

அன்புத் தங்கை,
நக்கிமேரா