வெள்ளையடித்த வாகை

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்

புதுக்கோட்டையிலிருந்து வண்டியில் போய்ச் சேர்வதற்குள் தலையெல்லாம் செம்மண். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஓர் ஊராட்சிப் பூங்காவில் படிப்பகம் கட்டுகிறார்கள். வரைபடம் என் பொறுப்பு. ஏசி கிடையாது, சுவரே குளிர்ச்சி தர வேண்டும். ஒரு பெரிய குழி தோண்டி, அந்த மண்ணையே அழுத்திக் கட்டியாக்கிச் சுவர் எழுப்பலாம். குழி மழைநீர்த் தொட்டியாகிவிடும். இதை யோசித்த அன்று எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

குழிக்குச் சரியான இடம் மேற்கு மூலை. அங்கே ஒரு மொட்டை மரம். ஓர் இலை இல்லை, காய்ந்த காய்கள் மட்டும் காற்றில் கலகலவென்றன. பட்டுப்போனதுதானே, வெட்டிவிடலாம், அடையாளம் வையுங்கள் என்றேன். கான்ட்ராக்டர் ரெங்கராஜ் அடையாளத்துக்கு அதன் இடுப்பில் சுண்ணாம்புப் பட்டை அடித்துவிட்டார்.

பூங்காவைக் கூட்டும் முனியாயி வந்து நின்றார். "இதுக்கு மட்டும் ஏம்மா வெள்ளையடிச்சிருக்கு? ரோட்டுப் புளியமரத்துக்கெல்லாம் கவர்மெண்ட்டுல அடிப்பாங்களே, யாரும் தொடக் கூடாதுன்னு, அது மாரியா?"

நான் போனில் இருந்தேன். தலையாட்டிவைத்தேன்.

பிப்ரவரி 24

வரைபடத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது. திட்டக் குறிப்பின் முதல் வரி நான் எழுதியது: 'உயிருள்ள ஒரு மரமும் வெட்டப்படாது.' கூட்டத்தில் அதைப் படித்தபோது கைதட்டினார்கள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் எதற்கு.

மார்ச் 12

மண்கட்டி சோதனை. பன்னிரண்டில் மூன்று உடைந்தன. ரெங்கராஜைச் சத்தம் போட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

முனியாயி அந்த மொட்டை மரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பட்ட மரத்துக்கு எதற்குத் தண்ணீர் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"பட்ட மரமா? வாகைம்மா இது. மாசி பங்குனியில மொட்டையாத்தான் நிக்கும். சித்திரை பொறக்கட்டும், வந்து பாருங்க."

பிறகு அவரே சொன்னார். கஜா புயலில் பூங்கா மரமெல்லாம் சாய்ந்த மறுவருடம் ஊர்ப்பிள்ளைகள் ஆளுக்கொரு கன்று நட்டார்களாம். இது அவர் மகள் சத்யா நட்டது. ஏழாவது படித்தாளாம். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் வந்து நான்கே நாளில் போய்விட்டாள்.

"நடும்போது அவ முழங்காலு ஒசரந்தான் இருந்துச்சு. எவனாச்சும் வெறகுக்கு வெட்டிருவானோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். நீங்க வந்து வெள்ளையடிச்சீங்க. இனிமே ஒரு பய கை வைக்க முடியாதுல்ல? இப்பத்தாம்மா நிம்மதியாத் தூங்குறேன்."

கட்டடம் கட்டப் படித்தவளுக்கு வாகை மரம் தெரியவில்லை. சரி, அது கிடக்கட்டும். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே? ரெங்கராஜ் பத்தடி தூரத்தில்தான் நின்றார். 'தப்பாப் பாத்துட்டேன், அதைத் தொடாதீங்க' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எத்தனை முறை அவர் வேலையில் குறை சொல்லியிருக்கிறேன். அவர் முன்னால் வாய் வரவில்லை.

வேலை திங்கட்கிழமைதானே ஆரம்பம். குழியைப் பன்னிரண்டு அடி கிழக்கே தள்ளிப் புது வரைபடம் போட்டு, அளவு மாற்றம் என்று சொல்லி வெள்ளிக்கிழமை கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும்.

மார்ச் 27, வியாழன்

வரைபடம் முடிந்தது. உண்மையில் கிழக்கே தள்ளிய இந்த இடத்தில்தான் நல்ல சரிவு. நாளை காலை முதல் வேலை இதுதான்.

மார்ச் 28, வெள்ளி

வெட்டிவிட்டார்கள்.

பொக்லைன் சும்மா நின்றதாம். மார்ச் முடிவதற்குள் வேலை தொடங்கியதாகக் காட்ட வேண்டும் என்று ரெங்கராஜ் நேற்றே ஆரம்பித்திருக்கிறார். "முனியாயி வந்து மறிச்சுச்சு மேடம். 'வெள்ளையடிச்சிருக்கு, தொடாதே'ன்னு ஒரே கத்தல். டிரைவர், 'வெள்ளையடிச்சதத்தான் ஆத்தா வெட்டச் சொல்லிருக்காங்க'ன்னான். அப்புறம் அங்கிட்டுப் போயி ஒக்காந்துருச்சு."

அடிமரம் இன்னும் ஈரமாக இருந்தது. கீழே கிடந்த கிளைகளின் நுனியெல்லாம் பச்சைப் பொட்டுகள். சித்திரைக்குப் பதினேழு நாள்தான் இருக்கிறது.

ஐயோ, ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணிருந்தாப் போதுமே — என்ன பொம்பள நான்.

புது வரைபடம் பையிலேயே இருக்கிறது.

மார்ச் 31

போய்ச் சொன்னேன், எல்லாவற்றையும். பட்ட மரம் என்று சொன்னது நான். வெட்ட அடையாளம் வைக்கச் சொன்னது நான். தெரிந்த பிறகும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது நான்.

முனியாயி கூட்டுவதை நிறுத்தவில்லை. "நீங்க தலையாட்டுனீங்களேம்மா" என்றார், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 9

சுவர் எழும்பிவிட்டது. வெளியே கொளுத்துகிறது, உள்ளே அப்படியொரு குளிர்ச்சி. வருகிறவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள். முனியாயி வாசல்வரை கூட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

நவம்பர் 3

மழை. தொட்டி நிறைந்துவிட்டதாம். எட்டிப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜனவரி 21, 2026, புதன்

இன்று திறப்பு விழா. மரம் வெட்டவில்லை என்ற வரியைப் படிப்பகத்தின் வாசல் பலகையிலிருந்து எடுக்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். ஒருவழியாக அழித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் பெயின்ட் திட்டாகத் தெரிகிறது.

ஏழு மணிக்கே போய்விட்டேன். பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று பூங்காவின் எல்லா மரத்துக்கும் நேற்று சாயங்காலம் வெள்ளையும் காவியும் அடித்துவிட்டிருந்தார்கள். வேம்பு, புங்கை, நாவல், ஒன்று பாக்கியில்லை. எல்லாம் அந்தப் பிள்ளைகள் நட்டவை.

முனியாயி நாவல் மரத்தடியில் உட்கார்ந்து தேங்காய் நாரால் பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. இரண்டு வேம்பு ஏற்கெனவே சுத்தமாகியிருந்தன. சேலையெல்லாம் சுண்ணாம்பு.

"அழிச்சிட்டா வெட்ட மாட்டாங்கல்ல?"

இது அழகுக்கு அடித்தது, வெட்டுவதற்கு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நான் சொல்வதை அவர் எதற்கு நம்ப வேண்டும்? செருப்பைக் கழற்றிவிட்டு, வாளியில் கிடந்த இன்னொரு நாரை எடுத்துக்கொண்டு மரத்தின் மறுபக்கம் உட்கார்ந்தேன்.

"சிவரஞ்சனி மேடம் மேடைக்கு வரவும்" என்று என்னை மைக்கில் கூப்பிட்டபோது ஆறாவது மரத்தில் இருந்தோம். இன்னும் ஒன்பது மரம் இருந்தது. முனியாயி எழுந்து போய் வாளியில் தண்ணீர் மாற்றிக்கொண்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.