சொந்த விருப்பத்தின்பேரில்

போன வியாழக்கிழமை கூரியரில் நம் பள்ளியின் நாற்பதாம் ஆண்டு விழா மலர் வந்தது. உறையைக் கிழித்ததும் புது அச்சுமையின் நெடி மூக்கில் ஏறியது. தடிமனான பளபளப்புத் தாள். பள்ளியில் படித்துப் பெரிய ஆளானவர்களின் படங்கள் மட்டுமே முப்பது பக்கம். இதய நோய் நிபுணர், அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர், மாவட்ட நீதிபதி, நூற்பாலை முதலாளி. என் படமும் இருந்தது, சரவணம்பட்டி மென்பொருள் நிறுவனத்தில் துணைத் தலைவர் என்ற குறிப்போடு. புரட்டிக்கொண்டே போனேன். பதினேழாம் பக்கத்தில் நீ இருந்தாய்.

வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாய். கீழே ஆங்கிலத்தில், "நாங்கள் செதுக்கிய சிற்பம், எங்கள் நீங்காத பெருமை" என்று போட்டிருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கிறது. கால்நடை என்ற சொல்லை மட்டும் காணோம். மாட்டு டாக்டர் என்று போட்டால் எதிர்ப் பக்கத்து இதய நிபுணருக்குக் குறைச்சலாகிவிடும் போலிருக்கிறது.

நாங்கள் செதுக்கியது! அந்த வரியை இரண்டு முறை படித்தேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயமுத்தூரைச் சுற்றித் தெருவுக்கொரு மெட்ரிகுலேஷன் பள்ளி முளைத்துக்கொண்டிருந்த காலம். நம் பள்ளி வாசலில் "பத்தாம் வகுப்பில் தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி" என்று பெரிய பலகை வைத்திருந்தார்கள். சோமனூரிலிருந்து பள்ளி வேனில் நீ வருவாய். உன் அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர். மகள் இங்கிலீஷில் படிக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலேயே உன்னைக் கொண்டுவந்து சேர்த்தார். நான்கு வருடம் நீயும் நானும் ஒரே பெஞ்சு. உயிரியலில் நீதான் எப்போதும் முதல். தவளையின் இதயத்தை நீ வரைந்தால் அது துடிக்கிற மாதிரியே இருக்கும்.

பத்தாம் வகுப்பு ஆரம்பித்து இரண்டே மாதத்தில் உனக்கு மஞ்சள்காமாலை வந்தது. நாற்பது நாள் படுக்கை. கண்ணெல்லாம் மஞ்சளாக, தெம்பில்லாமல் வந்து காலாண்டுத் தேர்வு எழுதினாய். கணக்கிலும் இயற்பியலிலும் போய்விட்டது. அரையாண்டுக்குள் பிடித்துவிடுவாய் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கணக்கு மிஸ்ஸுக்கும் தெரியும்.

பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டார். நான் வகுப்புத் தலைவி. ஏழு வெள்ளைத்தாளும் ஒரு மாதிரிக் கடிதமும் ஒரு பட்டியலும் மேசை மேல் இருந்தன.

"உனக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா இருக்கு கண்ணு. இந்த மேட்டரைப் பார்த்து ஏழு லெட்டர் எழுதிக் குடு. பேரு மட்டும் மாத்திக்க" என்றார்.

படித்துப் பார்த்தேன். "என் மகளைச் சொந்த விருப்பத்தின்பேரில் வேறு பள்ளியில் சேர்க்க விரும்புவதால் மாற்றுச் சான்றிதழ் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. பட்டியலில் மூன்றாவது பெயர் உன்னுடையது.

"மிஸ், இவளுக்குக் காமாலைங்க மிஸ். நல்லாப் படிக்கறவ…" என்று இழுத்தேன்.

"அதெல்லாம் உனக்கெதுக்கு? பப்ளிக்குக்குப் பேர் அனுப்பறதுக்குள்ள இதை முடிக்கணும். நீ ரேங்க் வாங்கறதைப் பாரு."

நான் எழுதினேன். ஏழையும் எழுதினேன். உன் அப்பாவின் பெயரில் ஒரு எழுத்துகூடப் பிசகாமல், கோடு போட்ட மாதிரி நேராக எழுதினேன்.

மறுநாள் தாளாளர் அறைக்கு வெளியே உன் அப்பா நின்றார். காலை ஒன்பது மணிக்கு வந்தவரை மதியம் வரைக்கும் உட்காரச் சொல்ல ஆளில்லை. அவர் சட்டைத் தோளில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஒருவழியாக அவரையும் உன்னையும் உள்ளே கூப்பிட்ட நேரத்தில் ஆய்வுக்கூடத்துச் சாவியைக் கொடுக்க அந்தப் பக்கம் போன நான், திறந்திருந்த கதவு வழியாக எல்லாவற்றையும் கேட்டேன்.

"ஏனுங்க சார், ஒண்ணரை மாசம் படுத்தே கெடந்துச்சுங்க. கொஞ்சம் பொறுத்துப் பாருங்க. புள்ள படிச்சுப்போடுங்க."

"இங்க ஸ்டாண்டர்டு ஜாஸ்திங்க. வேற பக்கம் போனா நல்லா வருமுங்க. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

"இதுல என்னங்க எழுதியிருக்குது?"

"சும்மா ரூல்ஸுக்குத்தானுங்க."

அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். நீ பக்கத்தில் நின்று அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தாளிலிருந்து தலையைத் தூக்கி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாய். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

அந்த வருடமும் நூறு சதவீதம். பேப்பரில் கால் பக்க விளம்பரம். நடுவில் என் படம், மாவட்ட அளவில் இரண்டாம் இடம் என்று. என் அப்பா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அந்தப் படத்தில் இருக்கும் என் சிரிப்பை நான் இன்றைக்கு வரைக்கும் நேருக்கு நேர் பார்த்ததில்லை.

ரிசல்ட் வந்த பிறகுதான் உன்னைத் தேடிச் சோமனூருக்கு வர எனக்குத் தைரியம் வந்தது. எட்டு மாதம்! தறிக்கூடத்துக்குள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாய். தலையெல்லாம் பஞ்சு. தறிச் சத்தத்தில் நான் அழுததுகூட உனக்குக் கேட்டிருக்காது. வெளியே கூட்டிக்கொண்டு வந்து நேராகக் கேட்டாய்.

"அந்த லெட்டர் நீதான எழுதுன?"

"ஆமாம் புள்ள."

"பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. எழுதமாட்டேன்னு சொல்லியிருந்தா வேற யாராவது எழுதியிருப்பாங்க. ஆனா நீ சொல்லியிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னாய். ஊட்டுக்குள்ள வா என்று கூட்டிப்போய் டீ கொடுத்தாய். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

ஜூனில் அரசுப் பள்ளியில் மறுபடியும் பத்தாம் வகுப்பில் சேர்ந்தாய், தமிழ் வழியில். பத்தாம் வகுப்பு நடுவில் யாரும் சேர்த்துக்கொள்ளாததால் ஒரு வருடம் போனது போனதுதான். நான்கு வருடம் இங்கிலீஷில் படித்ததையெல்லாம் தமிழில் திருப்பிப் படித்தாய். ப்ளஸ் டூவில் உன் பள்ளியிலேயே முதலாவதாக வந்து, கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனாய். உன்னைச் செதுக்கியது யார் என்று கேட்டால் அந்த அரசுப் பள்ளியின் அறிவியல் ஆசிரியையைச் சொல்லலாம். கூலித் தறியோடு சேர்த்துப் பக்கத்து மில்லில் இரவு ஷிப்டும் பார்த்த உன் அப்பாவைச் சொல்லலாம். எல்லோருக்கும் முன்னால் உன்னைச் சொல்ல வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கம் நீ வேலை பார்த்த ஊருக்கு ஒருமுறை வந்திருந்தேன். கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட ஒரு பசு. தோள்பட்டை வரைக்கும் கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "வாரேன் அம்மணி, பொறுத்துக்க" என்று மாட்டோடு பேசிக்கொண்டே கன்றைத் திருப்பினாய். கன்று விழுந்து மூச்சு விட்டதும் மாட்டுக்காரர் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். கோமாரி வந்த வருடம் ஊர் ஊராக நீ நடந்ததைப் பற்றி அங்கே இன்னும் பேசுகிறார்கள். அதைப் பற்றி மலரில் ஒரு வரி இல்லை.

சனிக்கிழமை மலரை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பழைய தாளாளர் இப்போது இல்லை. மகன் உட்கார்ந்திருக்கிறார். காபி வரவழைத்தார்.

"அவ படத்தை எந்த உரிமையில போட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஏனுங்க மேடம், நம்ம ஸ்கூல்ல படிச்சவங்கதானுங்களே?"

"நீங்க டீசி குடுத்து வெரட்டுன பொண்ணுங்க அவ."

அவர் முகம் மாறவில்லை. மணி அடித்துப் பழைய ஃபைலை எடுத்துவரச் சொன்னார். புரட்டி, ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நாங்க வெரட்டலீங்க. அவங்கப்பாவே எழுதிக் குடுத்திருக்காருங்க பாருங்க. சொந்த விருப்பம்னு."

மஞ்சளேறிய தாளில் என் பதினைந்து வயதுக் கையெழுத்து. அடியில் உன் அப்பாவின் தமிழ்க் கையெழுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து.

"இது அவர் எழுதுனது இல்லைங்க. நான் எழுதுனது. உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லி, இந்த மாதிரி ஏழு எழுதினேன்."

அவர் ஃபைலை மூடி வைத்தார். பிறகு, "அதெல்லாம் பழைய கதைங்க மேடம். நல்ல விசயத்துல இதையெல்லாம் எதுக்குங்க கெளறிட்டு?" என்றார். உன் படத்தோடு என் படத்தையும் மலர், விளம்பரம், இணையதளம் என்று எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இந்தக் கதையை நானே எழுதிப் பேப்பருக்கு அனுப்புவேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அனுப்பவும் செய்வேன்.

பழைய கதையாம். வெளியே வந்தால் வராந்தாவில் ஒரு டெம்போ டிரைவரும் அவர் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பு. அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் கையில் ஒரு தாள். இப்போது கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிறார்கள். கையால் எழுத ஒரு பெண்பிள்ளையைத் தேட வேண்டியதில்லை.

"அண்ணா, அதுல கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லீங்க. என்ன எழுதியிருக்குதுன்னு புள்ளைகிட்டக் கேட்டுட்டு இருக்கறனுங்க."

"போடாதீங்க. நீங்க டீசி கேக்காம அவங்க குடுக்க முடியாது. உங்க விருப்பம்னு நீங்க எழுதிக் குடுத்தாத்தான் அவங்க தப்பிக்க முடியும். பொண்ணைக் கிளாஸுக்குப் போகச் சொல்லுங்க."

அவர் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "போ கண்ணு, பெல் அடிச்சுப்போட்டாங்க" என்றார். அந்தப் பெண் ஓடினாள். அவர் போனில் என் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். உனக்காக ஒருவரும் சொல்லாததை அன்றைக்கு நான் சொன்னேன். உனக்கு அது இருபத்தைந்து வருடம் பிந்திவிட்டது.

நீ கண்ணை மூடுவதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது முடியெல்லாம் கொட்டி, குரல் மட்டும் அதே குரலாக இருந்தாய். பள்ளிப் பேச்சு வந்ததும் என் கையைத் தட்டி, "நானே எறக்கி வெச்சுட்டேன். நீ ஏன் இன்னும் தூக்கிட்டுத் திரியற? விட்டுப்போடு கண்ணு" என்றாய். அப்போது சரி என்று தலையாட்டினேன்.

விட முடியவில்லை. உன் மேல் சுமத்திய அநியாயத்தை இறக்கி வைக்க உனக்கு உரிமை உண்டு. எழுதிக் கொடுத்தவளுக்கு அந்த உரிமை கிடையாது. அவர்கள் மேல் இருக்கும் கோபத்தில் பாதி என் மேலேயே இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். ஆற விட்டால் நானும் ஆண்டு விழாவில் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

சற்று முன் அந்த டெம்போ டிரைவர் போன் செய்தார். திங்கட்கிழமை காலை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்களாம். "நீங்களும் கூட வாரீங்களா அம்மணி?" என்று கேட்டார்.

வாரேன் என்று சொல்லியிருக்கிறேன்.