உங்கள் பெயரை நான் வாசித்த மாலை

குட்டியண்ணே,

இன்று காலை ஆயர் குரோவில் நம் ஸ்டூடியோ வாசலில் கூரியர்காரர் ஒருவர் சிறிய பொட்டலத்தோடு நின்று, நீளமான ஒரு பெயரைச் சத்தமாக வாசித்தார். வரவேற்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண், "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லலா அங்கிள், அட்ரஸ் தப்பு" என்று திருப்பி அனுப்பப் பார்த்தாள். நான் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உள்ளே மைக்குக்கு மாட்டும் பஞ்சு உறைகள், ஆளுக்கொரு நிறத்தில். எல்லா மொழிக்காரர்களும் ஒரே உறையில் எச்சில் தெறிக்கப் பேசுகிறோம் என்று முகம் சுளித்து நீங்கள்தான் ஆர்டர் போட்டிருந்தீர்கள். எங்கே சுற்றிவிட்டு இத்தனை மாதம் கழித்து வந்ததோ.

எந்தக் கட்சிக்கும் எந்தப் பெரிய கம்பெனிக்கும் சொந்தமில்லாத சின்னச் சேனல் நம்முடையது. கடைவீட்டு மாடியில் ஒரே ஸ்டூடியோ, ஒரே நாற்காலி. மலாய் முடிந்ததும் தமிழ், பிறகு மாண்டரின், கடைசியில் ஆங்கிலம் என்று ஆள் மாறி உட்காருவோம். தமிழுக்கு நீங்கள்தான் எல்லாம், நான் வாசிப்பவள். ஆறடி ஆளுக்குப் பெயர் என்னவோ குட்டி. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்ததால் ஒட்டிக்கொண்டதாம். முதலாளி முதல் டீ கொண்டுவருபவர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். உங்கள் அடையாள அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று எங்களில் யாரும் கேட்டதே இல்லை.

செய்தி முடிந்ததும் மரண அறிவிப்புகளை இலவசமாக எல்லா மொழியிலும் வாசிக்க வேண்டும் என்று முதலாளியிடம் மல்லுக்கட்டியவர் நீங்கள். தமிழர் சாவு மாண்டரினில் எதற்கு என்று அவர் கேட்டபோது, "கூடப் படிச்சவன், கூட வேல செஞ்சவன் எல்லாம் தமிழனா பாஸ்?" என்றீர்கள். தோட்டம் விற்றுப்போய் ஆட்கள் குருபோங், மஸ்ஜித் தானா என்று மூலைக்கொருவராகச் சிதறிய பிறகு, யார் போனார் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள்தான் இருந்தன. அட்டைப் பெயரைச் சொன்னால் லயத்துக்காரர்களுக்கு ஆள் தெரியாது. அதனால் வீட்டுக்குப் போன் போட்டு, கூப்பிடும் பெயரைக் கேட்டுச் சேர்ப்பீர்கள். யாரும் எடுக்காவிட்டால் வந்தபடியே வாசித்துவிடச் சொல்வீர்கள். சேதி நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்பது உங்கள் கணக்கு.

அன்று வாயுத் தொல்லை என்று மதியமே கிளம்பினீர்கள். "சுடுதண்ணி குடிச்சா சரியாயிடும், நீ பாத்துக்க தங்கச்சி" என்றீர்கள். மாலையில் இறுதிச் சடங்குச் சேவைக்காரர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில், மலாயில், ஓர் அறிவிப்பு வந்தது. நீளமான பெயர், இன்னாரின் மகன், குருபோங்கில் வீடு, மறுநாள் மதியம் தகனம். கொடுத்திருந்தது எனக்குப் பழக்கமில்லாத எண், யாரும் எடுக்கவில்லை. தமிழில் எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். ஓரிடத்தில்கூட நாக்கு இடறவில்லை. கேமரா பார்க்கும் ரொஸ்மான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வெளியே வந்ததும் போன் அடித்தது. உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர். பக்கத்து வீட்டுப் பெண் நம் சேனலைப் போனில் வைத்து அவருக்குக் காட்டியிருக்கிறாள்.

"ஏம்மா, யாரோ மாரி வாசிக்கிற? ஒங்கண்ணன்தாம்மா."

"யாருக்கா? என்ன ஆச்சி?"

"இப்பதான வாசிச்ச."

எனக்கு விளங்கவே இல்லை. விளங்கியபோது ஸ்டூடியோ பக்கம் திரும்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெய் லிங் அதே பெயரை மாண்டரினில் வாசித்துக்கொண்டிருந்தாள். தினமும் உங்கள் டப்பாவைத் திறந்து முறுக்கு எடுத்துத் தின்றவள். அவளுக்கும் தெரியாது.

அக்கா அழக்கூட இல்லை. "தோட்டத்து ஆளுங்களுக்கு இனி எப்படிம்மா தெரியும்? நாளைக்கு மத்தியானம் எடுத்துடுவாங்களே. யாரும் இல்லாம போயிடுவாரா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

அது நம் அண்ணன்தான், மறுபடி வாசிக்க வேண்டும் என்று ரொஸ்மானிடம் சொன்னேன். "அபாங் குட்டி?" என்று, அண்ணன் என்பதற்கு மலாயில் சொல்லும் சொல்லோடு கேட்டவர், ஹெட்போனைக் கழற்றிவைத்தார். ஆங்கிலம் முடிந்ததும் அடுத்த நிகழ்ச்சியை நிறுத்திவைத்து, நாங்கள் எல்லோரும் வரிசையாக மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தோம். நீளப் பெயருக்குப் பிறகு குட்டி என்று சேர்த்து வாசித்தோம். மெய் லிங் பாதியில் எழுந்து போய், மூக்கைச் சிந்திவிட்டு வந்து முடித்தாள். வாசிக்கிறவர் அழக்கூடாது என்பீர்கள். நான் அழுதேன், அண்ணே.

மறுநாள் உங்கள் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. மஸ்ஜித் தானாவிலிருந்து வந்த உங்கள் லயத்துக் கூட்டாளி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மொத தடவ நீ வாசிச்சப்ப சோறு சாப்ட்டுகிட்டு இருந்தோம்லா. யாரோ பாவம்னேன். அப்புறம் குட்டின்னியே, தட்டுலயே கை நின்னுபோச்சி" என்றார். அக்கா வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, அப்போதுதான் அழத் தொடங்கினார்.

அவ்வளவு பேர் வந்ததில் எனக்கு ஆறுதல் உண்டு. ஆனால் அதிர்ச்சி போகவில்லை. இரண்டாவது முறை வாசித்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் காதில் இருப்பது முதல் முறை. முன்பின் தெரியாதவருக்காக வருத்தப்படுவதுபோல் குரலைத் தாழ்த்தி, அழகாக, உங்கள் சாவைச் சொல்லிவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனவள் நான். இப்போதெல்லாம் தெரியாத பெயர் ஒன்று வந்தாலே அந்த எண்ணுக்குத் திரும்பத் திரும்பப் போன் போடுகிறேன். அது யார் வீட்டுக் குட்டியண்ணனோ.