ரத்தம் வராத ஈறு

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நலம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் பேசினால், நீ துணைக்குப் போயிருக்கும் மகள் காதில் விழும். நிறைமாதக்காரிக்கு இது தெரிய வேண்டாம். அதனால்தான் கடிதம்.

திங்கட்கிழமை மக்காச்சோள லாரி வந்தது. வழக்கம்போல ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்தேன். ‘டக்’கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு, நசுங்கினால் ஈரம். இரண்டும் நடக்கவில்லை. என் பல்தான் அசைந்தது. டிரைவர், “என்ன முதலாளி, முகம் இப்படிப் போகுது? சரக்கு சரியில்லையா?” என்றான். சரக்கில் ஒரு குறையும் இல்லை. இறக்கச் சொல்லிவிட்டு நம் பல் டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

போன வருஷம் ஈறு வைத்தியம் முடிந்ததும் அவர் ஒரு ஆறு மூலைப் படம் போட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? ரத்தக் கசிவு, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் பையின் ஆழம், விழுந்த பற்கள், எலும்புத் தேய்மானம், சர்க்கரை, புகை. கோடு நடுவில் சுருங்கி இருந்தால் பல் நிற்கும், வெளியே விரிந்தால் போகும் என்றார். புகை பற்றிக் கேட்டபோது, “அதெல்லாம் விட்டு ரெண்டு வருஷமாச்சு டாக்டர்” என்று நீதான் பெருமையாகச் சொன்னாய். நான் தலையாட்டினேன். ஆபத்து நடுத்தரம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்.

இந்தத் தடவை மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு ஒவ்வொரு பல்லாக அளந்தார். ஆறு, ஏழு, ஏழு என்று சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதிக்கொண்டே போனாள். திடீரென்று கம்பியைக் கீழே வைத்துவிட்டு, “இவ்வளவு ஆழம் இருக்கு, ரத்தமே வரலையே சார். புகை பிடிக்கிறவங்களுக்குத்தான் ஈறு இப்படிக் கம்முனு இருக்கும். உள்ள அழியறது வெளிய தெரியாது. நிஜமாவே விட்டாச்சா?” என்றார்.

விட்டாச்சும்மா என்றேன்.

விடவில்லை. குடோனுக்குப் பின்னால், ஒரு நாளைக்குப் பத்து. பீடியோடு வரும் மூட்டைக்காரர்களை வாசலிலேயே விரட்டுகிற நான்தான். மூட்டையின் வாயில் மட்டும் நல்ல மணியைப் பரப்பிக்கொண்டு வருகிறவனை ஒரு பார்வையில் பிடித்துவிடுவேன். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன், டாக்டரிடமும் உன்னிடமும்.

டாக்டரம்மா பழைய படத்தை எடுத்துப் பார்த்தார். “நீங்க சொல்றத வெச்சுத்தான் சார் நான் கோடு போட முடியும். ஒரு பல்லை இனிக் காப்பாத்த முடியாது. இன்னும் நாலு ஊசலாடுது. புகையும் இருக்குன்னு போன வருஷமே சொல்லியிருந்தா மூணு மாசத்துக்கு ஒரு தடவை உங்கள வரச் சொல்லியிருப்பேன்” என்றார். அந்த ஒரு வருஷத்தை நான்தான் பாழாக்கினேன்.

பயமாக இருக்கிறது. நாக்கு அந்தப் பல்லையே தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. தும்மல் வந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறேன். நேற்றுப் பழைய வாடிக்கையாளர் சிரிக்கச் சிரிக்கப் பேசினார், நான் உதட்டைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். ஐம்பத்திரண்டு வயதில் பொக்கை வாயோடு பேரக்குழந்தை முன்னால் நிற்க வேண்டுமா?

அடுத்த மாதம் பத்தாம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவேன். உனக்குத் தெரியாமல் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாளாகப் பற்றவைக்கவில்லை. நம்பு என்று கேட்கும் யோக்கியதை எனக்கில்லை.

மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். நீ வேளைக்குச் சாப்பிடு. இதைப் படித்ததும், மகள் தூங்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டு, வாய் வலிக்கிற வரை என்னைத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

மூன்று வருஷமாக உன்னை ஏமாற்றிய,
உன் வீட்டுக்காரன்