பெட்ரோல் இல்லாமல் திண்டிவனம்

ஆவணி 5, சனி

காலையிலிருந்து தூறல். பேட்டரி எட்டுக்கும் தண்ணீர் ஊற்றியாயிற்று. வேட்டியில் ஆசிட் பட்டு இன்னும் இரண்டு ஓட்டை.

திண்டிவனத்திலிருந்து சம்பந்தி வந்தார். என் மகளுக்கு மாமனார், சொந்த டாக்சிக்காரர். பெட்ரோல் வாசனை அவருக்கு ஜவ்வாது. என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பழைய கார்க் கூடு, ரயில் பெட்டிக்கு விளக்கெரித்த டைனமோ, அதே பெட்டியின் பேட்டரிகள். எல்லாம் ஏலத்தில் எடுத்தது. முப்பது வருடம் விழுப்புரம் ரயில் ஷெட்டில் இவற்றோடுதான் குடித்தனம். டைனமோவுக்குக் கரண்ட் கொடுத்தால் அதுவே மோட்டார். எவ்வளவு சொல்லியும் அவர் தலையில் ஏறவில்லை.

"இது கோலியனூரே தாண்டாதுங்க சம்பந்தி."

"சண்டை காலத்துல பெட்ரோல் கெடைக்காம பின்னாடி கரி அடுப்பு கட்டிக்கினு டாக்சி ஓட்டினவரு நீங்க. நீங்க பேசறீங்களா?"

யுத்தம் முடிந்து பதினைந்து வருடம். அவருக்கு அந்தக் கேலி இன்னும் சுடுகிறது. எனக்குப் பரம சந்தோஷம்.

பின்னால் சின்ன ஆயில் எஞ்சின் வைத்திருந்தேன், ஓடும்போதே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற. "எஞ்சின் இருந்தா பந்தயத்துக்கு ஒத்துக்கமாட்டேன்" என்றார். இறக்கிவிட்டேன்.

பந்தயம்: புதனன்று வெறும் பேட்டரியில் தி.வனம். போய்ச் சேராவிட்டால் வண்டி அவருக்கு. உடைத்துப் பழைய இரும்புக்குப் போடுவார். சேர்ந்தால் அவர் மாலை போட்டுக்கொண்டு என் வண்டியில் கடைத்தெரு சுற்ற வேண்டும், டாக்சி ஸ்டாண்டு வழியாக.

மூன்று வருட வேலை இந்த வண்டி. சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டேன். ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய் அதைப் பார்த்தேன்.

ஆவணி 7, திங்கள்

வெயில். கோலியனூர் போய் வந்தேன். சத்தமே இல்லாததால் ஒரு மாடும் விலகவில்லை. கத்திக் கத்தித் தொண்டை போச்சு.

மல்லாட்டை விற்கிறவள்: "இன்னா தாத்தா, வண்டி மூச்சே உடல? செத்துப்போச்சா?"

"ஆமா, நான் அதோட ஆவி."

வேர்க்கடலைக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வாங்க: சைக்கிள் மணி 1, எலுமிச்சம்பழம் 4, கிரீஸ், மூக்குப்பொடி.

ஆவணி 9, புதன்

நல்ல நேரம் 7½. தெருவே வாசலில். சுவிட்சைப் போட்டேன். வண்டி முனகியது, நகரவில்லை. டாக்சியிலிருந்து சம்பந்தி: "கயிறு கொண்டாரட்டுங்களா?" மறுபடி சுவிட்சைப் போட்டேன்.

அப்போது சந்தன வாசனை. பேட்டரிப் பக்கமிருந்து. கம்பி முனை சுடுகிறது.

வீட்டுக்காரி! விடியற்காலைப் பூஜை. நான் இருட்டில் கம்பி மாட்டும் முன்பே எட்டு பேட்டரி, பதினாறு முனை, ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம். காய்ந்து பொருக்கு. கரண்ட் எப்படிப் போகும்?

"அதுங்களும் சாமிதானேன்னு வெச்சேன்."

"சாமிக்கு நெத்தியில வெக்கணும்டி. வாயிலயா அப்புவாங்க?"

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கிளம்ப 8¼.

முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, ராஜநடை. பின்னாலேயே சம்பந்தியின் டாக்சி. கூட்டேரிப்பட்டு தாண்டிச் சோர்ந்தது. நடந்து போகிறவன் முந்தினான். புளியமரத்தடியில் நிறுத்தி, கட்டுச்சோறு தின்று, படுத்துப் பொய்க் குறட்டை.

சம்பந்தி தன் டிரைவரிடம்: "பாவம்டா, மனுஷன் ஒடிஞ்சிட்டாரு. ஜல்தி ஊருக்குப் போயி மாடு ஓட்டிக்கினு வர்லாம், கட்டி இழுக்க."

போனார்கள். ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே குறட்டை விட்டேன். பேட்டரியும் மனுஷன் மாதிரி. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் கொஞ்சம் தெம்பு திரும்பும். ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். பெட்ரோல்காரருக்குத் தெரியாது.

இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தேன். மெல்ல, மெல்ல. ஊர் எல்லையில் எதிரே சம்பந்தி, ஒரு ஜோடி மாடு, கயிறு. மணியடித்தேன்.

"மாட்ட ஓரங்கட்டுங்க சம்பந்தி! காரு வர்து!"

மாட்டை ஓரங்கட்டினார். அவர் வீட்டு வாசலில்தான் நிறுத்தினேன். மகள் கைதட்டிச் சிரித்தாள். அதற்குமேல் வண்டி ஒரு அடி நகராது. அதை யாருக்கும் சொல்லவில்லை.

ஆவணி 10, வியாழன்

மேகமூட்டம். டெண்ட் சினிமாக் கொட்டகை டைனமோவில் சார்ஜ். சாயங்காலம் மாலையோடு சம்பந்தி ஏறினார். தலை தொங்கியபடி. டாக்சி ஸ்டாண்டில் ஒருவன்: "இன்னா மொதலாளி, இதுக்குப் பெட்ரோலு எங்க ஊத்தறது?"

மெல்லத் தலை நிமிர்ந்தார். "பெட்ரோலா? நாங்க செஞ்ச வண்டிடா இது. அதெல்லாம் குடிக்காது."

நாங்களாம்!

மூன்று சுற்று ஆயிற்று. மாலையைக் கழற்றுங்கள் என்றேன்.

"செஞ்சி வரைக்கும் போய்ட்டு வந்து கழட்டிக்கிறேங்க."